வான்கோழிக்கு உங்கள் ஊரில் என்ன பெயர்? (ஔவையார் பாட்டைப் பற்றியும் ஒரு கேள்வி)

#1 தென்பொருநை (இஸ்தான்புல்)

எல்லோருக்கும் வணக்கம். துணி ஏற்றுமதி வேலையாக மூன்று வருடமாக இஸ்தான்புல்லில் இருக்கிறேன். எங்கள் தெருமுனையில் ஒரு இறைச்சிக்கடை உண்டு. பலகையில் 'கசாப்' என்று எழுதியிருக்கும். நம் கசாப்புக் கடையில் இருக்கும் அதே அரபுச் சொல்தான். வந்த புதிதில் அதைப் பார்த்ததும் மனதுக்கு ஒரு தெம்பு வந்தது இன்னும் நினைவிருக்கிறது.

போன டிசம்பர் கடைசி வாரம் அந்தக் கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பெரிய பெரிய பறவைகளை உரித்து அடுக்கி வைத்திருந்தார்கள். மேலே செருகிய அட்டையில் 'ஹிந்தி' என்று எழுதி, பக்கத்தில் விலை. வான்கோழி! புத்தாண்டு இரவுக்கு இங்கே நிறைய வீடுகளில் வான்கோழி சமைப்பார்கள். 'ஹிந்த்' என்றால் இந்தியா, அதிலிருந்து வந்த பெயர் 'ஹிந்தி'. நம் இந்தி மொழிக்கு இங்கே 'ஹின்ச்சே' என்று வேறு சொல் இருக்கிறது. கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "இது உங்கள் ஊர்ப் பறவை ஆயிற்றே, உங்களுக்குத் தெரியாதா?" என்றார். ஆங்கிலேயன் இதை உங்கள் நாட்டின் பெயரால் 'டர்க்கி' என்று கூப்பிடுகிறானே என்றேன். அது அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. 2022இல் இந்த நாடு ஐ.நா. பதிவேட்டில் தன் பெயரை 'துர்க்கியே' என்று மாற்றிக்கொண்டபோது, ஆங்கிலத்தில் பறவைக்கும் நாட்டுக்கும் ஒரே பெயராக இருப்பதும் ஒரு காரணமாகப் பேசப்பட்டது.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் என் மகள் (ஏழு வயது, வாரக்கடைசியில் இணையவழித் தமிழ் வகுப்பு) ஒரு கேள்வி கேட்டாள். அந்த வாரம் அவர்களுக்கு மூதுரை 14ஆம் பாட்டு மனப்பாடம்.

கான மயிலாடக் கண்டிருந்த வான்கோழி
தானும் அதுவாகப் பாவித்துத் – தானுந்தன்
பொல்லாச் சிறகைவிரித்(து) ஆடினாற் போலுமே
கல்லாதான் கற்ற கவி.

"எங்கள் பள்ளிக்கூட டீச்சர் இது அமெரிக்காவிலிருந்து வந்த பறவை என்கிறார். அப்படியென்றால் ஔவையார் இதை எங்கே பார்த்தார்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால் இங்கே இரண்டு கேள்வி. ஒன்று, நீங்கள் இருக்கும் ஊரில் இந்தப் பறவைக்கு என்ன பெயர்? இரண்டு, என் மகள் கேட்டது.

#2 கிள்ளான்_ஆறு (மலேசியா)

இங்கே மலாயில் 'ஆயாம் பெலாண்டா'. ஆயாம் கோழி, பெலாண்டா ஒல்லாந்து. ஆகவே டச்சுக்கோழி.

மலாய்க்காரர்களுக்குக் கப்பலில் வந்து இறங்கிய புதுப்பொருள் என்றால் 'பெலாண்டா' சேர்ப்பது வழக்கம். முள் சீத்தாப்பழத்துக்கு 'டுரியான் பெலாண்டா' என்று பெயர். நம் ஊரில் 'சீமை' செய்யும் வேலையை இங்கே 'பெலாண்டா' செய்கிறது. சீமைக்கருவேலம், சீமைச்சுண்ணாம்பு, சீமெண்ணெய் எல்லாம் நினைத்துப் பாருங்கள். இந்தச் 'சீமை' ஓர் ஊர் இல்லை. "எங்களுடையது இல்லை, வெளியிலிருந்து வந்தது" என்பதுதான் அதற்குப் பொருள். இந்தோனேசியாவில் மட்டும் 'கல்குன்' என்பார்கள், அது எங்கிருந்து வந்தது என்று யாராவது சொல்லுங்கள்.

#3 கால்வாய்க்கரை (ஐந்தோவன், நெதர்லாந்து)

நான் சொல்கிறேன். டச்சுக்காரர்களுடைய சொந்தச் சொல்தான் அது. இங்கே 'கல்கூன்'. கோழிக்கோட்டின் பெயரிலிருந்து பிறந்தது! 'காலிகட் கோழி' என்று நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தது தேய்ந்து கல்கூன் ஆகிவிட்டது. நீங்கள் இதை டச்சுக்கோழி என்கிறீர்கள், டச்சுக்காரர் கள்ளிக்கோட்டைக் கோழி என்கிறார்.

டச்சு மட்டும் இல்லை. டென்மார்க், நார்வேயில் 'கல்குன்', சுவீடனில் 'கல்கூன்', பின்லாந்தில் 'கல்க்குனா', லிதுவேனியாவில் 'கலகுதாஸ்'. பழைய ஜெர்மனிலும் காலிகட் சேவல் என்ற பெயர் இருந்தது. பால்டிக் கடலோரப் பண்ணையில் பனியில் நிற்கும் ஒரு பறவையை அந்த ஊர்க்காரர் மலபார்க் கரையிலுள்ள ஒரு துறைமுகத்தின் பெயரால் கூப்பிடுகிறார். இதை முதலில் கேட்ட அன்று எனக்கு வேலையே ஓடவில்லை.

1498இல் வாஸ்கோ ட காமா வந்து சேர்ந்தது கோழிக்கோட்டுப் பக்கம். அதற்கப்புறம் ஐரோப்பியச் சந்தையில் காலிகட் என்றால் இந்தியா, இந்தியா என்றால் காலிகட். அங்கிருந்து போன பருத்தித் துணிக்கும் 'கலிக்கோ' என்றே பெயர். தூரத்திலிருந்து வந்த விலையுயர்ந்த சரக்கு என்றால் அந்த ஊரின் பெயரை ஒட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. அந்தப் பறவை ஐரோப்பாவுக்குப் போனபோது கோழிக்கோட்டைக் கண்ணால்கூடப் பார்த்திருக்காது.

இன்னொன்று. கோழிக்கோட்டின் பெயரிலேயே கோழி இருக்கிறது. சேவல் கூவினால் கேட்கும் தூரம்வரை கோழிக்கோட்டு அரசரான சாமூதிரிக்கு நிலம் கிடைத்தது என்று ஒரு கதை சொல்வார்கள். கோயிலும் கோட்டையும் சேர்ந்த பெயர் என்று சொல்கிறவர்களும் உண்டு. எதுவானாலும், ஒரு கோழிக்குக் கோழிக்கோட்டின் பெயரை வைத்த டச்சுக்காரருக்கு அந்தப் பெயருக்குள்ளேயே ஒரு கோழி உட்கார்ந்திருப்பது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

#4 பனைநிழல் (யாழ்ப்பாணம்)

கால்வாய்க்கரை சொன்னதற்கு ஒரு தொடர்ச்சி இங்கே இருக்கிறது. சிங்களத்தில் வான்கோழிக்கு 'களுக்கும்' என்று பெயர். ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில் அவர்களுடைய கல்கூனிலிருந்து வந்தது. நாங்கள் தமிழில் இன்றைக்கும் அலுவலகத்தைக் 'கந்தோர்' என்கிறோம், 'கக்கூசு' என்கிறோம், இரண்டும் ஒல்லாந்துச் சொல்தான். அதே கப்பலில் வந்த சொல் இதுவும்.

வழியை யோசித்துப் பாருங்கள். கோழிக்கோட்டுக்கும் கொழும்புக்கும் நடுவில் எவ்வளவு கடல்? பாய்மரத் தோணிக்கே அது பெரிய தூரம் இல்லை. ஆனால் அந்த ஊர்ப்பெயர் ஐரோப்பாவுக்குப் போய், ஒரு பறவையின் தலையில் ஏறி, ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு கொழும்புக்கு வந்து சேர்ந்திருக்கிறது. சிங்களம் பேசுகிறவருக்கு அதில் ஒரு கேரளத்து ஊர் இருப்பது காதில் விழுவதில்லை.

#5 தாராவி_செல்வி (மும்பை)

இந்தியில் இதற்குப் 'பேரு' என்று ஒரு பெயர் உண்டு. போர்ச்சுகீசிய மொழியில் வான்கோழிக்குப் பேரு என்றுதான் பெயர், தென்னமெரிக்க நாட்டின் அதே பெயர்.

ஆனால் மராத்தியில் 'பேரு' என்றால் கொய்யா! ரயில்நிலைய வாசலில் கூடைக்காரம்மா "பேரு, பேரு" என்று கூவுவது கொய்யாப் பழத்தைத்தான். உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் கொடுப்பார். எங்கள் குடியிருப்பில் லக்னோவிலிருந்து வந்த ஒரு பெரியவர் இருக்கிறார். அவரிடம் பேரு என்றால் பறவை. கீழ்வீட்டு மராத்திப் பாட்டியிடம் பேரு என்றால் பழம். பறவை, பழம் இரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவைதான். ஆனால் பேரு நாட்டிலிருந்து வந்தது வான்கோழி இல்லை, அந்தப் பெயரும் குத்துமதிப்பாக வைத்ததுதான்.

#6 தென்பொருநை (இஸ்தான்புல்)

அருமை! இன்றைக்கு அலுவலகத்தில் எல்லோரிடமும் கேட்டேன். கெய்ரோக்காரர் ஒருவர் இருக்கிறார், அவருக்கு இது 'தீக் ரூமி', ரோமாபுரிச் சேவல். லெபனான்காரப் பெண் 'ஹபஷ்' என்றார், அதாவது அபிசீனியா, இன்றைய எத்தியோப்பியா. கணக்குப் பார்க்கும் ஆர்மீனியப் பெரியவரின் மொழியில் இந்தியக் கோழி. ரஷ்ய வாடிக்கையாளர் ஒருவருக்கு எழுதிக் கேட்டேன், அங்கே 'இந்தேய்க்கா'. போலந்தில் 'இந்திக்'. பிரெஞ்சில் 'தேந்து', அதைப் பிரித்தால் 'இந்தியாவிலிருந்து' என்றே வருகிறது. எபிரேயத்திலும் இந்தியக் கோழி. அவர்களுக்கு 'ஹோது' என்றால் இந்தியா, அதே ஒலியில் 'நன்றி சொல்லுங்கள்' என்றும் ஒரு சொல் உண்டு. அமெரிக்காவில் நன்றி நவிலும் நாளில் வான்கோழி உண்ணும் யூதர்கள் இந்தப் பொருத்தத்தை ரசித்துச் சொல்வார்களாம்.

கம்போடியாவில் பிரெஞ்சுக்கோழி, வியட்நாமில் மேற்கத்தியக் கோழி என்று தேடிப் படித்தேன். ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியிலும் பிரெஞ்சுக் கோழிதான்.

எல்லோரும் பக்கத்து ஊரையோ தூரத்து ஊரையோ கைகாட்டுகிறார்கள். உண்மையான ஊரின் பெயர் ஒருவர் வாயிலும் இல்லையே, அதுதான் ஆச்சரியமாக இருக்கிறது.

#7 நொய்யல்_புள்ளினம் (கோவை)

உண்மையான ஊர்க்காரர்களின் சொல்லும் இருக்கிறது, சொல்கிறேன். இருபது வருடமாகப் பறவை பார்க்கிறவன், கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வான்கோழி வட அமெரிக்கப் பறவை. மெக்சிகோவில் ஸ்பானியர் கால் வைப்பதற்கு முன்பே அங்குள்ள மக்கள் இதை வீட்டில் வளர்த்தார்கள். அஸ்டெக்குகளின் நாவாட்டில் மொழியில் சேவலுக்கு 'வெஷோலோட்ல்' என்று பெயர். அதிலிருந்து வந்த 'வஹொலோத்தே' மெக்சிகோவில் இன்றும் புழங்குகிறது. அந்தப் பறவையோடு வாழ்ந்தவர்கள் வைத்த பெயர் அது. மற்றதெல்லாம் வாங்கியவர்களும் விற்றவர்களும் வைத்தது.

சரி, ஆங்கிலத்தில் எப்படித் துருக்கி வந்தது? இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். அதற்கு முன்பே இங்கிலாந்தில் வேறொரு பறவைக்கு 'டர்க்கி சேவல்' என்று பெயர் இருந்தது. கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி இறைத்தது போல இருக்குமே, நம் பண்ணைகளில் கின்னிக்கோழி என்பார்களே, அதுதான். ஆப்பிரிக்கப் பறவை. துருக்கியர் ஆண்ட பகுதிகளின் வழியாக வணிகர்கள் கொண்டுபோனதால் அந்தப் பெயர். அப்புறம் 16ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து புதுப்பறவை வந்தது. பெரிய உடம்பு, மொட்டைத் தலை, மக்கள் இரண்டையும் குழப்பிக்கொண்டார்கள். பெயர் புதுசுக்குப் போய்விட்டது, பழைய பறவைக்கு 'கினி கோழி' என்று வேறு பெயர் தேடவேண்டி வந்தது. மக்காச்சோளத்தையும் அந்தக் காலத்து ஆங்கிலேயர் 'டர்க்கி கோதுமை' என்றார்கள். இத்தாலியில் இன்றும் அதற்குத் 'துருக்கித் தானியம்' என்றே பொருள்படும் பெயர். அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான்.

அறிவியல் பெயரிலும் இதே குழப்பம். 1758இல் லின்னேயஸ் வைத்த பெயர் 'மெலியாக்ரிஸ் கல்லோபாவோ'. மெலியாக்ரிஸ் என்பது கிரேக்கர்கள் கின்னிக்கோழிக்குச் சொன்ன பெயர். மெலியாகர் என்ற வீரன் இறந்தபோது அழுத அவன் சகோதரிகள் பறவைகளாக மாறினார்கள், அந்தப் புள்ளிகள் அவர்களின் கண்ணீர் என்று கதை. 'கல்லோ' சேவல். 'பாவோ' மயில். ஆக ஒரு பறவையின் பெயருக்குள் மூன்று வேறு பறவைகள் இருக்கின்றன, வான்கோழி மட்டும் அதில் இல்லை.

#8 கொட்டகைக்_குமார் (தருமபுரி பக்கம்)

நான் வளர்க்கிறவன். அதன் முகத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தால் இத்தனை பெயர் ஏன் வந்தது என்று புரியும்.

சேவலுக்கு மூக்குக்கு மேலே ஒரு சதை தொங்கும். சும்மா மேயும்போது சுண்டுவிரல் அளவுக்குக் கொம்பு மாதிரி நிற்கும். கோபம் வந்தாலோ பெட்டையைப் பார்த்தாலோ அது இறங்கி, அலகைத் தாண்டித் தொங்கும். கழுத்து அப்படியே ரத்தச் சிவப்பாகிவிடும். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் நெற்றி வெளுத்திருக்கும், கன்னம் நீலமாக இருக்கும். வாலை விசிறி மாதிரி விரித்து, இறக்கையைத் தரையில் உரசிக்கொண்டு 'சர்ர்' என்று ஒரு நடை. மழைக்கு இடி இடித்தால் கொட்டகையில் உள்ள அத்தனை சேவலும் ஒரே குரலில் கத்தும்.

குஞ்சு வளர்ப்பதுதான் பாடு. 28 நாள் அடை. பொரித்த குஞ்சுக்குத் தீவனம் முன்னால் கிடந்தாலும் கொத்தத் தெரியாது, பட்டினியிலேயே செத்துப்போகும். பச்சை நிறம் கண்ணில் பட்டால் கொத்தும் என்பதால் கீரையைப் பொடியாக நறுக்கித் தீவனத்தின் மேல் தூவுவோம். முதல் தடவை இது தெரியாமல் நாற்பது குஞ்சில் பாதியை இழந்தேன்.

#9 கிள்ளான்_ஆறு (மலேசியா)

குமார் அண்ணன் சொன்ன அந்தத் தொங்கு சதையைத்தான் இந்தப் பக்கம் தும்பிக்கை என்று பார்த்திருக்கிறார்கள். தாய்லாந்தில் இதற்குப் பெயர் 'காய் நுவாங்', தும்பிக்கைக் கோழி. பர்மாவில் 'செட்சின்', யானைக்கோழி. உருதுவில் 'ஃபீல் முர்க்', அதுவும் யானைக்கோழிதான்.

நிறம் மாறுவதைப் பார்த்து ஜப்பானியர் 'ஷிச்சிமென்ச்சோ' என்று வைத்தார்கள், ஏழு முகப் பறவை. கொரியாவிலும் அதே பொருள். சீனத்தில் நெருப்புக்கோழி என்று சொல்லுக்குச் சொல் வரும். தமிழில் நெருப்புக்கோழி என்றால் வேறு பறவை, குழம்பிக்கொள்ள வேண்டாம்.

ஊர்ப்பெயர் வைத்தவர்களைவிட இவர்கள் பறவையை நின்று பார்த்தவர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

#10 தென்பொருநை (இஸ்தான்புல்)

பாரசீகத்திலும் அப்படித்தான், 'பூக்கலமூன்'. முதலில் அது ஒரு துணியின் பெயர். என் தொழில் துணி என்பதால் இதை விடமாட்டேன்! வெளிச்சத்துக்குத் தக்கபடி நிறம் மாறித் தெரியும் துணி. நம் ஊர் மயில்கழுத்துப் பட்டில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறமாக நெய்து வருமே, அந்த மாதிரி. 11ஆம் நூற்றாண்டில் எகிப்துக்குப் போன நாசிர் குஸ்ரவ் என்ற பாரசீகப் பயணி, தின்னிஸ் என்ற ஊரில் நெய்யும் பூக்கலமூன் ஒரு நாளின் வெவ்வேறு நேரத்தில் வெவ்வேறு நிறமாகத் தெரியும் என்று எழுதிவைத்திருக்கிறார். வான்கோழி வருவதற்கு ஐநூறு வருடம் முந்தைய சொல். பின்னால் பறவைக்குப் போனது.

#11 நொய்யல்_புள்ளினம் (கோவை)

நிறம் பற்றிப் பேசும்போது ஜஹாங்கீரை விட்டுவிடக்கூடாது. 1612இல் அவருடைய அதிகாரி முகர்ரப் கான் கோவாவில் போர்ச்சுகீசியரிடம் வாங்கி வந்த விலங்குகளில் ஒரு வான்கோழியும் இருந்தது. பேரரசர் தன் நினைவுக்குறிப்பில் அதைப் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறார். தலையும் கழுத்தும் ஒரு சமயம் பவளம் போலச் சிவந்து, இன்னொரு சமயம் பஞ்சு போல வெளுத்து, பச்சோந்தியாக நிறம் மாறுகிறது என்கிறார். குமார் கொட்டகையில் பார்ப்பதும் அதையேதான். உஸ்தாத் மன்சூர் வரைந்த அந்த வான்கோழி ஓவியம் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கவனிக்க வேண்டியது, அந்த விலங்குகளின் பெயர்கூட அதுவரை யாருக்கும் தெரியாது என்று ஜஹாங்கீர் எழுதுகிறார். ஆக்ரா அரசவைக்கு இது அந்த ஆண்டில் புதுசு.

#12 கொற்கைமுத்து

இவ்வளவு தூரம் சுற்றத் தேவையில்லை. ஔவையார் பாடியிருக்கிறார் என்றால் 12ஆம் நூற்றாண்டிலேயே தமிழ்நாட்டில் வான்கோழி இருந்தது என்றுதான் அர்த்தம். கடலோடித் தமிழர்கள் கொலம்பஸுக்கு முன்பே அமெரிக்கா போய் வந்ததற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? இந்தியக் கோழி என்று உலகமே சொல்கிறதே!

#13 வெண்பா_வாத்தியார் (கும்பகோணம்)

தம்பி, உங்கள் ஆசை எனக்கும் பிடிக்கும். ஆனால் ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு கப்பல் விடக்கூடாது. உலகம் இந்தியக் கோழி என்று சொன்னது, கொலம்பஸ் போய் இறங்கிய இடத்தை இந்தியா என்று நம்பியதால். நீங்கள் சொல்வதற்கு நேர் எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. மூதுரை 16ஆம் நூற்றாண்டுக்கு அப்புறம்தான் எழுதப்பட்டது, வான்கோழியே சாட்சி என்று என்னிடம் வாதாடியவர்கள் இருக்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே தவறைச் செய்கிறார்கள். சொல் இன்றைக்கு எந்தப் பொருளைச் சுட்டுகிறதோ அன்றைக்கும் அதையே சுட்டியது என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

முந்திரியை எடுங்கள். முந்திரி, முந்திரிகை என்றால் பழைய தமிழில் திராட்சை. மலையாளத்தில் இன்றைக்கும் முந்திரி என்றால் திராட்சைதான். பிரேசிலிலிருந்து போர்ச்சுகீசியர் கொண்டுவந்த கொட்டைமரத்துக்கு நாம் அந்தப் பெயரைத் தூக்கிக் கொடுத்துவிட்டோம். அப்புறம் திராட்சையைச் சொல்லக் 'கொடிமுந்திரி' என்று அடைமொழி போட வேண்டி வந்தது. சொந்தக்காரனே தன் வீட்டு வாசலில் நின்று "நான் கொடி" என்று சொல்லிக்கொள்ளும் நிலை. பழைய பாட்டில் முந்திரிகை என்று வந்தால் புலவர் முந்திரிப்பருப்பு தின்றார் என்று சொல்லுவோமா?

மிளகாயும் அப்படித்தான். மெக்சிகோவிலிருந்து வந்த காய்க்கு நம் மிளகின் பெயர்.

நொய்யல் அவர்கள் சொன்ன டர்க்கி கதை அப்படியே இதுதான். பழைய பறவையின் பெயர் புதுப்பறவைக்குப் போகும். என் கருத்து, தமிழில் வான்கோழி என்ற சொல் பழசு, பறவை புதுசு. ஔவையார் சொன்னது நம் மண்ணின் வேறொரு பறவையை. கோவாவில் இறங்கிய புதுக்கோழி வாலை விரித்து ஆடியதைப் பார்த்த நம்மவர்களுக்கு இந்தப் பாட்டு நினைவுக்கு வந்திருக்கும். "மயிலைப் பார்த்துத் தானும் ஆடிய கோழி இதுதான்!" பாட்டே பறவைக்குப் பெயர் வைத்தது.

#14 தாராவி_செல்வி (மும்பை)

ஐயா, கடைசி வரியைப் படித்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒரு சந்தேகம். பாட்டில் அது 'கான்கோழி' என்று இருந்து, ஏடு பெயர்த்தவர்கள் மாற்றியிருக்கலாமா? கான மயில், கான்கோழி என்று பொருத்தமாக இருக்கிறதே.

#15 வெண்பா_வாத்தியார் (கும்பகோணம்)

நல்ல கேள்வி அம்மா. வான்கோழி, கான்கோழி இரண்டுமே நேர் நேர் நேர், தேமாங்காய்ச் சீர். அடுத்து 'தானும்' என்று நேரசையில் தொடங்குவதால் எதை வைத்தாலும் வெண்டளை தட்டாது. 'கான', 'கண்டிருந்த' என்று மோனை முன்பே அமைந்துவிட்டதால் நாலாம் சீருக்குக் ககரம் கட்டாயம் இல்லை. யாப்பு எந்தப் பக்கமும் சாயவில்லை.

ஆனால் பொருள் சாய்கிறது. காட்டுக்கோழிக்குச் சங்க காலத்திலிருந்தே நல்ல பெயர். குறுந்தொகை 242 'கானங்கோழி' என்றுதான் தொடங்கும். அதன் கழுத்துப் புள்ளிகளை 'ஒண்பொறி' என்று புலவர் மெச்சுகிறார். அவ்வளவு அழகான பறவைக்குப் 'பொல்லாச் சிறகு' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆகவே எனக்கு வான்கோழிதான் சரி.

#16 நொய்யல்_புள்ளினம் (கோவை)

வாத்தியார் ஐயா திறந்துவிட்ட கதவு வழியாக ஒன்று சொல்லிப் பார்க்கிறேன். இது என் ஊகம், ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

பறவை பார்ப்பவர்கள் 'கானமயில்' என்று சொல்வது தோகை மயிலை இல்லை. புல்வெளியில் வாழும், இடுப்புயரத்துக்கு மேல் வளரும் பெரிய பறவை. முன்பு தமிழ்நாட்டுப் பக்கமும் இருந்தது. இன்று பெரும்பாலும் ராஜஸ்தானில்தான், அதுவும் இருநூறுக்குள். அதன் குடும்பத்தில் இன்னொரு பறவை, உருவில் மிகச் சிறியது, 'வரகுக்கோழி'. பறவையியலாளர் ஜெர்டன் 19ஆம் நூற்றாண்டிலேயே இந்தத் தமிழ்ப் பெயரைக் குறித்து வைத்திருக்கிறார். மழைக்காலத்தில் ஆண் வரகுக்கோழி பெட்டையை அழைக்க என்ன செய்யும் தெரியுமா? புல்லுக்குள்ளிருந்து செங்குத்தாக வானத்தைப் பார்த்து எகிறும். உச்சியில் சிறகைப் படபடவென்று அடித்துவிட்டு அப்படியே கீழே விழும். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான தடவை.

மத்தியப் பிரதேசத்துப் புல்வெளியில் ஒரு ஆகஸ்டு காலையில் இதைப் பார்த்தேன். புல் நுனியெல்லாம் தண்ணீர். நாற்பதடி தள்ளி ஒரு கறுப்பு உருவம் எழும்பும், ஒரு நொடி நிற்கும், மறையும். தவளை கத்துவது மாதிரி ஒரு சத்தம் மட்டும் கேட்கும். மயிலாட்டத்தின் நிதானம் இல்லை, தோகை இல்லை, விரிப்பதற்கு அந்தச் சிறகு மட்டும்தான். அன்றைக்கு என் வாயில் தானாக வந்தது மூதுரைப் பாட்டுதான். வானத்துக்கு எகிறுவதால் வான்கோழி, அல்லது வான் என்றால் மழையும்தான் என்பதால் மழையில் ஆடும் கோழி.

#17 வெண்பா_வாத்தியார் (கும்பகோணம்)

'விரித்து ஆடினாற் போலுமே' என்பதற்கு எகிறுவது முழுதாகப் பொருந்தவில்லை, விரித்து நிற்க வேண்டுமே. ஆனாலும் 'வான்' என்ற அடைக்கு இவ்வளவு நேராக ஒரு காரணத்தை நான் கேட்டதில்லை. மறுக்க மனம் வரவில்லை. வகுப்பில் சொல்லிப் பார்க்கிறேன், ஊகம் என்ற அடைமொழியோடு.

#18 கால்வாய்க்கரை (ஐந்தோவன்)

மயில் பேச்சு வந்ததால் ஒன்று. ஸ்பானிய மொழியில் 'பாவோ' என்றால் முதலில் மயில்தான். மெக்சிகோவில் வான்கோழியைப் பார்த்த ஸ்பானியர் அதற்குப் 'பாவோ' என்ற பெயரையே கொடுத்துவிட்டார்கள். இன்று ஸ்பானியத்தில் பாவோ என்றால் வான்கோழி. மயிலைச் சொல்ல வேண்டுமானால் 'பாவோ ரெயால்', அரச பாவோ, என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். வாத்தியார் சொன்ன கொடிமுந்திரி மாதிரியே!

ஔவையார் பாட்டில் மயிலாகப் பாவித்த கோழியைக் கல்லாதவனுக்கு உவமை சொன்னார்கள். அங்கே ஒரு மொழி முழுக்கக் கோழியை மயில் என்று ஒப்புக்கொண்டு, மயிலுக்குப் பட்டம் கட்டி நகர்த்திவிட்டது.

#19 கொற்கைமுத்து

வாத்தியார் ஐயா, முந்திரிக் கணக்கு எனக்குப் புரிந்தது. நான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். என் அம்மா ஊர் குமரி மாவட்டம். அங்கே முந்திரிக்கொட்டையைக் கொல்லாங்கொட்டை என்பார்கள், ஏன் வேறு பெயர் என்று சின்ன வயதிலிருந்து யோசித்திருக்கிறேன். கொல்லத்தின் பெயர் அதில் இருக்கிறதோ என்று இப்போது தோன்றுகிறது.

#20 தென்பொருநை (இஸ்தான்புல்)

இழையை முழுவதும் மகளுக்குப் படித்துக் காட்டினேன். வரகுக்கோழி எகிறும் காட்சியைக் காணொளியில் தேடிப் பார்த்தோம். ஆறேழு தடவை திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள்.

நேற்று கடைக்குப் போனபோது அவளும் கூட வந்தாள். கடைக்காரர் அவளிடம், "உங்கள் ஊரில் ஹிந்திக்கு என்ன பெயர்?" என்று கேட்டார். அவள் "வான்கோழி" என்றாள். அப்படியென்றால் என்ன அர்த்தம் என்றார். "வானத்துக் கோழி. ஆனால் அது இந்தக் கோழியின் பெயர் இல்லை, வேறொரு கோழியிடமிருந்து வாங்கியது" என்று துருக்கி மொழியில் விளக்கினாள். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு முழுக்கதையையும் கேட்டார். 'ழ' மட்டும் அவருக்கு வரவில்லை. அடுத்த வாரத்துக்குள் பழகிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

குமார் அண்ணா, உங்கள் கொட்டகைச் சேவல் கழுத்து சிவக்கும்போது ஒரு படம் எடுத்துப் போடுங்கள். அவள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டுமாம்.